கேட்டுக்கு உள்ளே

சங்கு ஊதி அடங்கியபோது பூமாரி கடைசி ஈட்டு மீனைக் கல்லில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். திருவொற்றியூர் ஹைரோட்டில், பீப்பாய் கம்பெனி கேட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு பூவரச மரம். அதன் அடியில்தான் அவள் கடை. கடை என்றால் ஓர் அடுப்பு, ஒரு இரும்புக் கல், சோற்றுக் குண்டான், உட்கார இரண்டு கருங்கல், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் அடைக்கும் தகரப் பீப்பாய்கள் செய்கிற கம்பெனி அது. பகல் ஷிப்டு மட்டும்தான். சங்கு ஊதினால் ஆட்கள் மொத்தமாக வெளியே கொட்டி, தண்டையார்பேட்டைக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் புளியந்தோப்புக்கும் பிரிந்து போய்விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் ரோடு மறுபடி லாரிகளுக்கும் காக்கைகளுக்கும் சொந்தமாகிவிடும்.

அவள் புருஷன் திருமலை எப்போதும் கடைசியில்தான் வருவான். பெயிண்டு அடிக்கிற பகுதியில் வேலை. கையில் ஒட்டிய பச்சைப் பெயிண்டை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, பிறகு சவுக்காரம் போட்டு, முகர்ந்து பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் கிளம்புவான். குப்பத்து ஆள். அண்ணன்காரன் கட்டுமரத்தோடு போய்த் திரும்பாத வருஷம், இனி தண்ணியில் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டு இந்தக் கம்பெனியில் சேர்ந்தவன். குப்பத்தில் மற்ற பெண்கள் காற்றடித்தால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பூமாரி மட்டும் பிள்ளைகளையும் அடுப்பு வேலையையும் பார்ப்பாள். அதில் அவளுக்கு வெளியே சொல்லாத ஒரு பெருமை உண்டு.

அன்றைக்கு அவனோடு காஜா மொய்தீனும் வந்தான். ஒரே பகுதியில் வேலை செய்கிற தோஸ்து. காவல்காரர் மதார் சாகிப் கேட்டை இழுத்துச் சாத்தப் போனவர், இவர்கள் இருவருக்காகப் பாதியில் நிறுத்திக்கொண்டு நின்றார். திருமலை எதையோ சொல்லிச் சிரித்தபடி ரோட்டில் இறங்கினான். பாதி ரோடு தாண்டியிருப்பான். துறைமுகத்துப் பக்கமிருந்து கரி ஏற்றிய லாரி ஒன்று வந்தது. வந்ததைப் பூமாரி பார்த்தாள். போனதையும் பார்த்தாள். நடுவில் நடந்தது மட்டும் அவள் கண்ணில் விழவில்லை. லாரி நிற்கவே இல்லை. தார்ரோட்டில் கரித் துண்டுகள் சிதறி உருண்டன. அவற்றுக்கு நடுவே திருமலை கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கால் மட்டும் அவனோடு எழுந்திருக்க வரவில்லை.

அவள் ஓடினாள். முந்தானையைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். எர்ணாவூர்ப் பக்கமிருந்து காலியாக வந்த ஜட்கா ஒன்று நின்றது. வண்டிக்காரர் கீழே குதித்து, "ஏத்துங்க, ஏத்துங்க! ராயபுரத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்துடலாம்" என்று கத்தினார். காஜா திருமலையின் தோள்களுக்குக் கீழே கை கொடுத்தான்.

அந்த நேரத்தில் அவள் மனசுக்குள் வந்தது புருஷனின் முகமில்லை. மனோகரனின் முகம். அதே கம்பெனியில் தகரம் வெட்டிக்கொண்டிருந்தவன். போன ஆடியில், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பஸ் இடித்து வலது கை போயிற்று. கம்பெனியில் எல்லோருக்கும் ஈ.எஸ்.ஐ. காப்பீடு வந்திருந்த புதுசு. கூலியில் பிடிக்கிறார்களே, கொடுக்காமலா போவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கொடுத்தார்கள், கொஞ்ச வாரம், பாதிக் கூலி. அதோடு சரி. இப்போது ராயபுரம் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். மீன்காரிகள் கழித்துப் போடுவதை அவன் பெண்டாட்டி பொறுக்கிக்கொண்டு போகிறாள். பூமாரியே ஒருநாள் இரண்டு காரப்பொடி மீனை அவன் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வந்திருக்கிறாள்.

மனோகரன் கை போன பிறகு ஒருநாள் யூனியன்காரர் வேதமாணிக்கம் கேட்டில் நின்று விளக்கினார். அவள் மீனைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். "கேட்டுக்கு உள்ள கையோ காலோ போச்சா, நீ உயிரோட கீற வரைக்கும் மாசாமாசம் வூடு தேடி வரும். வெளிய போச்சா, அது உன் தலையெழுத்து. கம்பெனிக்கும் உனுக்கும் பேச்சு கெடையாது. சட்டம் அப்டித்தான் கீது, மாத்தச் சொல்லிப் போராடிகினு கீறோம்." கூட்டத்தில் ஒருத்தன், "சரியா கேட்டு மேலயே வியுந்தா இன்னா தலைவரே?" என்று கேட்டான். "உள்பக்கமா பாத்து வியு நைனா" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். திருமலையும் சிரித்தான்.

"வாணாம்" என்றாள் பூமாரி.

காஜா நிமிர்ந்து பார்த்தான்.

"ஜட்காலே வாணாம். உள்ள தூக்குங்க பாய்."

"இன்னா அண்ணி சொல்ற? ரத்தம் எப்டிப் போவுது பாரு."

"கேட்டுக்கு உள்ள தூக்குங்க. இங்க ஒண்ணும் நடக்கல. உள்ளதான் அடிபட்டாரு. பீப்பா சரிஞ்சி கால் மேல வியுந்திச்சி."

இந்த வார்த்தைகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. காஜா ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு மதார் சாகிப்பைப் பார்த்தான். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, மூன்றாவதை வீட்டில் வைத்திருக்கும் மனுஷர் அவர். பாதி சாத்தியிருந்த கேட்டை அகலமாகத் திறந்தார்.

திருமலைக்கு நினைவு தப்பவில்லை. அதுதான் பின்னால் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் போயிற்று. அவளுடைய கிழிந்த முந்தானையை வலது கையில் சுருட்டிப் பிடித்திருந்தான். "ஆஸ்பத்திரி... மே... ஆஸ்பத்திரி" என்று அவளைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் கையிலிருந்து மண்ணெண்ணெயும் சவுக்காரமும் சேர்ந்து மணந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். காஜாவும் மதார் சாகிப்பும் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஜட்காக்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று கேட்டுவிட்டு, குதிரையை அடித்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் புருஷன் பின்னால் போகவில்லை. அடுப்பிலிருந்த சாம்பலை முறத்தில் வாரிக்கொண்டு வந்து ரோட்டில் இருந்த ரத்தத்தின்மேல் தூவினாள். மறுபடி போய் வாரி வந்தாள். சூட்டில் கை பொரிந்தது அன்றைக்குத் தெரியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இடி இடித்தமாதிரி சத்தம் கேட்டது. அடுக்கி வைத்த வெறும் பீப்பாய்களைக் காஜா தள்ளிவிட்டிருந்தான். ஒன்று மட்டும் மற்றவற்றுக்குப் பிறகும் சிமிட்டித் தரையில் வெகுதூரம் உருண்டு, எதிலோ முட்டி நின்றது.

அதற்கப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. முறைப்படி என்பதால் மெதுவாக நடந்தது. மதார் சாகிப் குமாஸ்தாவை அழைத்துவர ஓடினார். குமாஸ்தா வந்து பார்த்துவிட்டு, மானேஜர் வராமல் ஆளை நகர்த்தக் கூடாது என்றார். மானேஜர் வந்தார். பீப்பாய்களைப் பார்த்தார், கீழே கிடந்தவனைப் பார்த்தார், கம்பெனி வேனை எடுக்கச் சொன்னார். வேன் டிரைவர் வீட்டுக்குப் போயிருந்தான். திருமலை கத்துவதை நிறுத்தியிருந்தான். அவன் நிறுத்தியது பூமாரிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு பயம் பிடித்தது. வேன் கிளம்பியபோது ரோட்டு விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுக்காரர். "எப்போ அடிபட்டது?" என்று கேட்டார். எந்த அடியைக் கேட்கிறார், எந்த நேரத்தைச் சொல்ல வேண்டும் என்று யோசித்தாள். "சங்கு ஊதின ஒடனே" என்றாள். அவர் அவளைத் திட்டவில்லை. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கிறது என்றார். "ரத்தம் ரொம்பப் போயிருக்கும்மா. கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தா முட்டிக்குக் கீழேயே நிறுத்தப் பார்த்திருக்கலாம். முட்டி இருந்தா கட்டைக்கால் வச்சு நடக்கிறது சுலபம்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் வராந்தாவில் நின்று தன் முழங்காலை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஜுரம் விட்டு அவன் கண் திறந்த பிறகு, விசாரணைக்கு ஆள் வருவார்கள், இன்னது சொல்ல வேண்டும் என்று காதோரம் குனிந்து சொன்னாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். மறுநாளும் சொன்னாள். மறுநாளும் அப்படித்தான். கேட்டானா, கேட்கவே இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் உண்மையைச் சொன்னால் காஜாவின் வேலை போகும். மதார் சாகிப்பின் வேலை போகும். தனக்கு என்ன ஆகும் என்று நினைக்க அவளுக்கு இடமே இருக்கவில்லை.

ஈ.எஸ்.ஐ. ஆபீசிலிருந்து வந்தவர் கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். கூடவே கம்பெனி சார்பில் ஒருத்தர். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எப்படி நடந்ததுன்னு நீங்களே சொல்லுங்க, அவசரமில்லை" என்றார்.

திருமலை வெகுநேரம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பக்கத்துக் கட்டில்காரர் இருமி முடித்தார்.

"சங்கு ஊதிட்ச்சி சார். கையில பெயிண்டு. கய்விகினு கேட்டாண்ட வந்துகினு இருந்தேன். பீப்பா சரிஞ்சிச்சி. காலு மாட்டிகிச்சி."

"கேட்டுக்கு உள்ளேதானே?"

"உள்ளதான்."

பூமாரி மூச்சை விட்டாள். ஆனால் அவன் முடிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்கன்னு கூவினேன் சார். கிட்டக்கதான் இருந்தாங்க. எம்மாம் கூவியும் யாரும் காதுல வாங்கல. அத்தயும் எய்திக்கோங்க."

"அதெல்லாம் இதில் தேவையில்லைப்பா" என்றார் அவர், இரக்கமாகவே. திருமலை உத்தரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கம்பெனிக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நல்லா அடுக்கின பீப்பாய் தானா எப்படிச் சரியும்? அந்த வரிசையை அன்னிக்கு அடுக்கினவன் கருணாகரன். அஜாக்கிரதை அவன் பேரில்தான் இருக்கு." கண்ணாடிக்காரர் தலையாட்டி, எழுதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வேதமாணிக்கம் அவளுக்காகக் காத்திருந்தார். "நல்லபடியா முடிஞ்சிட்ச்சிம்மா" என்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அவள் கேட்கவில்லை. "கருணாகரனுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்று மட்டும் கேட்டாள். "நாங்க பாத்துக்கறோம்" என்றார். பார்க்கவும் செய்தார், இரண்டு தடவை மானேஜரிடம் போய்ப் பேசினார். ஆனால் கருணாகரன் கம்பெனி ஆளில்லை. மேஸ்திரி மூலம் வந்த தினக்கூலி. அவனை நிறுத்துவதற்கு ஒரு கடுதாசிகூடத் தேவைப்படவில்லை. ஒரு காலையில் மதார் சாகிப் கேட்டில் அவனை மறித்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "வேல இல்லன்னுட்டாங்கப்பா" என்றார்.

திருமலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாசாமாசம் கொடுப்பதாக உத்தரவு வந்தது. பூமாரி மறுபடி பூவரச மரத்தடியில் அடுப்பைப் பற்ற வைத்தாள். காஜா மொய்தீன் கேட்டை விட்டு வந்ததும் அவள் கடைப் பக்கம் வராமல் வடக்கே திரும்பி, சுற்றுவழியாகத் தன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். மதார் சாகிப் மட்டும் கேட்டுக்குள்ளிருந்து கையைத் தூக்கிச் சலாம் வைப்பார். சில நாள் அதுவும் இருக்காது.

ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரம், கருணாகரனின் பெண்டாட்டி குப்பம்மா வந்தாள். பூமாரியைவிட மூத்தவள். உப்புத் தண்ணீரில் கிடந்து வெளுத்த பாதங்கள். எண்ணூர் உப்பளத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டது உண்மைதான் என்று அந்தப் பாதங்களைப் பார்த்ததும் பூமாரிக்குத் தெரிந்தது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கரண்டியைக் கீழே வைத்தாள். குப்பம்மா சண்டை போடவில்லை. கருங்கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"சாப்புட்றியாக்கா?"

"வாணாம்." ரோட்டைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அந்தாளு சாப்ட மாட்டன்றான். ராவுல எய்ந்து குந்திகினு, வூட்ல கீற சட்டி பானையெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கறான். சரியாத்தான் அடுக்கினேன், சரியாத்தான் அடுக்கினேன்றான். ஒரு மன்சன் காலு தன்னாலதான் போச்சின்னு நெனச்சிகினு கீறான்."

பூமாரி கல்லில் எண்ணெயை ஊற்றினாள். அதில் போட மீன் எடுத்து வைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"நான் யார்கிட்டயும் போய் சொல்லப் போறது இல்ல" என்றாள் குப்பம்மா. "வேலயும் வாணாம். உன் சோத்துல மண்ணு போடவும் வர்ல. எம் புள்ளைங்க மேல சத்தியம். அந்தாளு கிட்ட போய் சொல்றதுக்கு ஒரு வார்த்த வேணும். பீப்பா சரிஞ்சிதா, இல்லியா? எனுக்கு மட்டும் சொல்லு."

எண்ணெய் புகைய ஆரம்பித்தது. பூமாரி அந்தப் புகையின் வழியாகக் குப்பம்மாவைப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் குப்பம்மா போய்ச் சொல்வாள், கருணாகரன் ஒரு நாள் குடித்துவிட்டு எங்காவது உளறுவான், உளறினால் அது எந்தெந்த வீட்டுக்குள் போகும் என்று அவள் மனசு வழி வழியாக ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

"சரிஞ்சிச்சிக்கா" என்றாள்.

குப்பம்மா முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே எண்ணூர்ப் பக்கம் நடந்தாள். அவள் தலை மறைகிற வரைக்கும் பூமாரி கல்லை இறக்காமல் நின்றாள். எண்ணெய் பற்றிக்கொண்டது. மண்ணள்ளிப் போட்டு அணைத்தாள்.

அன்று சாயங்காலம், பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது, சோற்றைப் போட்டுக்கொண்டே திருமலையிடம், "குப்பம்மா வந்திச்சி" என்றாள். வந்ததையும் கேட்டதையும், தான் சொன்னதையும் சொன்னாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. தட்டை நகர்த்தி வைத்தான்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றான். "அன்னிக்கி நீ ரோட்ல வியுந்து கெடந்து, நான் நின்னுகினு இருந்தேன்னு வெச்சிக்க. நான் இன்னா பண்ணிருப்பேன்னு ஆஸ்பத்திரில படுத்துகினு யோசிச்சிகினே இருந்தேன்."

"இன்னா பண்ணிருப்ப?"

"ஜட்கால ஏத்திருப்பேன்."

அவள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"ஏத்திருப்பேன். ஒரு முட்டியாவது மிச்சம் இருந்திருக்கும். அப்பால மனோகரன் பக்கத்துல போய் குந்திருப்போம், புள்ளைங்கள இட்டுகினு." அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நீ பண்ணது தப்புன்னு எனுக்கு சொல்ல வர்ல. கருணாகரனுக்கு நடந்ததுல என் வாயும் கீது. நானும்தான் உள்ளன்னு சொன்னேன். ஆனா நீ சோறு போடறப்ப உன் கைய பாக்க முடியலமே. ஒவ்வொரு வெரலா பிரிச்சியே, அதான் தெரியுது. இனிமே சட்டிய இங்க வெச்சிட்டு போ. நானே போட்டுக்கறேன்."

அவள் சட்டியை அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். கரண்டியின் காம்பை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு வெளியே போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்ட குரல் பக்கத்து வீட்டுக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருந்தது.

ஐப்பசி பிறந்து, மழைக்கு நடுவே கடல் இரண்டு மூன்று நாள் அலை அடங்கி இடம் கொடுத்தது. விடிந்ததும் பூமாரி கடைக்கு மீன் எடுக்கக் கரைக்குப் போனாள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள், மணலில் குதிகாலை ஊன்றி, பின்னுக்குச் சாய்ந்து, ஒரே குரலில் ஏலேலோ பாடிக்கொண்டு கயிற்றை இழுத்தார்கள். வலை இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. மிதப்புக் கட்டைகள் மட்டும் தலை காட்டின. அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் தெற்கு வரிசையின் கடைக்கோடியில், எல்லோருக்கும் பின்னால், மணலில் உட்கார்ந்திருந்த ஆளைக் கவனித்தாள்.

திருமலைதான், இனி தண்ணியில் கால் வைப்பதில்லை என்று சொன்னவன். எப்போது எழுந்து வந்தான் என்று தெரியவில்லை. யார் கூட்டிவந்தார்கள் என்றும் தெரியவில்லை. கக்கத்தில் ஊன்றி நடக்கிற கட்டைகள் இரண்டும் மேட்டில் கிடந்தன. இழுக்கிறவர்கள் கையிலிருந்து வரும் ஈரக் கயிற்றை வாங்கி, உட்கார்ந்த இடத்திலேயே வட்டமாகச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். முன்னாலிருந்த ஒருத்தன் என்னவோ கேட்டான். திருமலை கடலைப் பார்த்தபடியே பதில் சொன்னான். அவள் நின்ற பக்கம் திரும்பவில்லை. கயிறு வந்துகொண்டே இருந்தது. மணலும் தண்ணீரும் சொட்ட, வட்டத்தின்மேல் வட்டமாக, அவனைச் சுற்றி இடுப்பளவுக்கு ஏறியிருந்தது.